கொல்லாமற் காணும் வழி

ஆலங்குடியைச் சூழ்ந்த சிற்றூர்களில், மழைக்காலத்து இரவுகளிலே வயல்வரப்பிலும் வேலியோரத்திலும் மின்மினி பறத்தலைக் கண்டு வளர்ந்தோர் நம்மிற் சிலர் உளர். தூக்கணாங்குருவி தன் கூட்டினுட் களிமண்ணைப் பூசி, அதில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றுமென்று பாட்டியர் சொல்லக் கேட்டோரும் உளர். யானும் இளமையில் அப்பூச்சிகளைப் பிடித்துக் குப்பியில் அடைத்து மகிழ்ந்ததுண்டு. விடியுமுன் ஒளி அவிந்துபோம். பூச்சிகளும் மடிந்து கிடக்கும். உயிரை அறிய விரும்புவோன் அவ்வுயிரைப் போக்கித்தான் தீரவேண்டுமோ என்னும் வினா, பின்னாளில் உயிர்நூல் பயின்றபோது என்னுள் மீண்டும் எழுந்தது. அதற்கு விடை அம்மின்மினியினிடத்தே கிடைத்திருத்தல் வியப்பன்றோ?

ஒளிவிடும் உயிர்களில் இருவகைப் பொருள்கள் கூடியே ஒளி பிறக்கின்றதென 1880-களில் பிரெஞ்சு விஞ்ஞானி ரபாயேல் துபுவா கண்டு, அவற்றிற்கு லூசிபெரின், லூசிபெரேஸ் எனப் பெயரிட்டார். மின்மினியின் ஒளிக்கு ஏ.டி.பி. என்னும் பொருளும் இன்றியமையாதது என்று 1947-ல் அமெரிக்க அறிஞர் வில்லியம் மக்கெல்ராய் காட்டினார். உயிரணு தன் தொழில்களுக்குச் செலவிடும் சக்திப்பொருள் அஃதே. ஆதலின் இவ்வொளி உயிருள்ள அணுவிற்கே உரியது. 1985-ல் லூசிபெரேஸை ஆக்கும் ஜீன் மின்மினியினின்றும் பிரித்தெடுக்கப்பட்டது.

அந்த ஜீனைப் புற்றுநோய் அணுவிற் சேர்த்தால், அது பெருகுந்தோறும் அதன் வழித்தோன்றல்களும் அதனைப் பெறும். அவ்வணுக்களை எலியின் உடலிற் புகுத்தியபின், லூசிபெரினை ஊசிவழிச் செலுத்தி, எலியை மயக்கமருந்தால் உறங்கச்செய்து, இருட்பெட்டியில் வைத்து, குளிர்விக்கப்பட்ட நுண்ணிய காமிராவாற் படமெடுப்பர். ஒளியின் செந்நிறக் கூறு தசையையும் தோலையும் கடந்து வெளிவரும். 1995-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டபர் கான்டாக் முதலியோர், ஒளிவிடும் சால்மொனெல்லா கிருமிகள் உயிருள்ள எலியினுட் பரவுதலை இதனையொத்த முறையாற் கண்டனர். நம் நாட்டிலும் நவி மும்பையிலுள்ள டாட்டா நினைவு நிலையத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடத்தில் இம்முறை கையாளப்படுகின்றது.

முன்னாளில், நோய் எவ்வாரத்தில் எவ்வுறுப்பை அடைந்ததென்று அறிய, வாரந்தோறும் சில எலிகளைக் கொன்று அறுத்துப் பார்ப்பர். வாரத்திற்கு 10 எனக்கொள்ளின் ஐந்து வாரத்தில் 50 எலிகள் மடியும். இம்முறையிலோ 10 எலிகளையே ஐந்து வாரமும் தொடர்ந்து நோக்கலாம். இன்று கண்ட எலியும் நாளை காணும் எலியும் ஒன்றேயாதலின் முடிபும் திருத்தமுறுகின்றது. எலிக்கு நோயின் துன்பம் இல்லையென்று யான் கூறவில்லை. ஆயினும் ஜீவகாருண்யம் ஆராய்ச்சிக்குத் தடையென்பாரது கூற்று ஈண்டு அடிபட்டுப்போகின்றது.

எலியே வேண்டாத பயனும் இவ்வொளியால் உண்டு. க்ஷயரோகக் கிருமியைத் தாக்கும் வைரஸில் மின்மினியின் ஜீனைச் சேர்த்துவிட்டால், அவ்வைரஸ் புகுந்த கிருமி ஒளிவிடும். மருந்திட்ட பின்னும் ஒளி குன்றாதாயின் அம்மருந்திற்குக் கிருமி அஞ்சவில்லை என்பது தெளிவு. 1993-ல் அமெரிக்காவில் வெளியான இம்முறையைச் சென்னையில் 1956-ல் தோன்றிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தாரும் எடுத்து வளர்த்தனர். கிருமி வளர்ந்து கண்ணுக்குப் புலனாக வாரக்கணக்கிற் காத்திருக்கும் வேலையைச் சில நாட்களில் முடிக்க இது வழிகாட்டுகின்றது.

நிற்க. புதுமையைப் புகழ்வோர் அதன் எல்லையையும் சொல்லக் கடமைப்பட்டவர். தசையினூடே ஒரு சென்டிமீட்டர் கடக்குமுன் இவ்வொளி ஏறக்குறைய பத்திலொன்றாகக் குறைந்துபோம். பிராணவாயு எட்டாத கட்டியின் நடுப்பகுதி மங்கலாகவே தோன்றும். ஆகவே இருள் கண்ட இடத்தில் நோயில்லையென்று துணிதல் பிழை. சிற்றுடல் படைத்த எலிக்கு ஏற்ற இம்முறை, மனிதவுடலின் ஆழத்திலுள்ள நோயைக் காணப் பயன்படுவதன்று. நம்மூரில் நோயுற்றார் ஒருவர் ஆவலோடு கேட்பின், விஞ்ஞானம் பயின்ற மாணாக்கன் இதனை ஒளியாது உரைத்தல் வேண்டும்.

இத்துணைப் பயனும் யாரும் பொருட்படுத்தாத ஒரு பூச்சியினின்று வந்ததென்பதை மறவாதிருப்போமாக. இரவெல்லாம் எரியும் மின்விளக்கும் வயலில் தெளிக்கும் நஞ்சும் அதற்குப் பகை. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்கள் ஓரிரவு வரப்பில் நின்று அதனைப் பார்க்க. குப்பியை மட்டும் வீட்டிலேயே வைத்துச் செல்க.