ஆங்கில ஒட்டுச்சொல்லும் தமிழிளைஞன் பிழைப்பும்



பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணிக்குரிய முதனிலைத் தேர்வில் 100 வினாக்கள். அவற்றுள் 30 ஆங்கிலத்திற்கு. எஞ்சிய 70 வினாக்களைத் தமிழிலேயே படித்து விடை குறிக்கலாம் என்று 2021-இல் நடுவணரசு இசைந்தது. நெடுநாள் கேட்டுக் கேட்டுப் பெற்ற உரிமை அது, மகிழ்ந்தோம். ஆனால் அந்த 30 வினாக்கள் அசையவில்லை. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியே வரம்பு மதிப்பெண் பெற்றாக வேண்டும் என்பது நெறியாதலின், கணக்கில் முழு மதிப்பெண் பெற்ற பிள்ளையும் ஆங்கிலப் பகுதியில் இடறினால் வாயிற்படியிலேயே நின்றுவிடுகின்றான்.

அவன் எதில் இடறுகின்றான்? ஆங்கில மடல் ஒன்றைப் படித்துப் பொருள் காண்பதில் அன்று. அதை நம் பிள்ளைகள் ஓரளவு செய்துவிடுகின்றனர். வினைச்சொல்லை ஒட்டி வரும் சிறு சொல்லில் இடறுகின்றான். 'புரொகிபிட்' என்றாலும் தடுத்தல். 'பார்பிட்' என்றாலும் தடுத்தல். ஆயின் முன்னதற்குப் பின் 'பிரம்' வரவேண்டுமாம். பின்னதற்குப் பின் 'டு' வரவேண்டுமாம். மாற்றிக் குறித்தால் மதிப்பெண் போயிற்று. ஒரே பொருளுடைய இரு வினைகளுக்கு இருவேறு ஒட்டு ஏன் என்று கேட்டால், 'அது அப்படித்தான்' என்பதற்கு மேல் எந்த ஆங்கில ஆசிரியரும் கரணியம் சொல்லார். (ஆங்கிலச் சொற்களை ஒலி தெரியும் அளவிற்கே இங்கு எழுதுகின்றேன், நம் ஈற்றெழுத்து நெறி நெகிழ்ந்தமைக்குப் புலவர் பெருமக்கள் பொறுத்தருள்க.)

இதனினும் பெருங்கூத்து, வினையும் ஒட்டும் சேர்ந்து முற்றிலும் வேறு பொருள் தரும் தொடர்கள். 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. இரண்டும் சேர்ந்தால் 'மேலே கொடு' என்றன்றோ ஆகவேண்டும்? இல்லை, 'கைவிடு' என்றாகின்றது. 'கிவ் இன்' என்றால் பணிந்துபோதல். 'கிவ் அவே' என்றால் வழங்கிவிடுதலும் ஆகும், காட்டிக்கொடுத்தலும் ஆகும். 'புட் அப் வித்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'வை மேலே உடன்' என வரும். அதன் பொருளோ பொறுத்துக்கொள்ளுதல்! இவ்வினாக்கள் முப்பதையும் முடிக்க 20 மணித்துளிகளே தரப்பெறுகின்றன. ஒரு வினாவிற்கு 40 நொடி. எண்ணிப் பார்த்து விடை காணும் வேலைக்கு இங்கு இடமே இல்லை. முன்பே காதில் விழுந்திருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

இதை நாம் காழ்ப்பினால் கூறுகின்றோம் என்று எவரேனும் கருதினால், ஆங்கிலேயர் வாயாலேயே கேட்கட்டும். ஆங்கிலத்திற்குப் பேரகராதி செய்த சாமுவேல் சான்சன், 1755-இல் அதன் முன்னுரையிலேயே இதனை ஒப்புக்கொண்டார். வினையோடு சிறுசொல் ஒட்டிப் பொருள் திரியும் இவ்வமைப்பே தம் மொழியில் அயலார்க்குப் பேரிடர் என்றார். அவற்றுட் சில, தனிச்சொற்களின் பொருளினின்று வெகு தொலைவு விலகிவிட்டமையால், எத்துணைக் கூர்த்த அறிவினாலும் அவை வந்த தடத்தைக் காணவியலாது என்றும் எழுதிவைத்தார். கூர்த்த அறிவாலும் காணவியலாது என்று அம்மொழியின் அகராதியாசிரியரே கூறிய ஒன்றை, அறிவை அளக்கும் கோலாக நம் பிள்ளையின் முன் நீட்டுகின்றார்களே, இது என்ன முறை? அவ்வமைப்பிற்கு இன்று வழங்கும் பெயர் கூட 1925-இல் உலோகன் பியர்சால் சுமித்து எழுதிய நூலின் வழியாகத்தான் பரவிற்று. பெயர் வைப்பதற்கே அவர்கட்கு அத்துணைக் காலம் ஆயிற்று!

மரபு என்பது எம்மொழிக்கும் உண்டு. அதை நாம் பழிக்கவில்லை. தொல்காப்பியர் மரபியல் என்றே ஓர் இயல் வகுத்தார். யானைக்குக் கன்று, குரங்குக்குக் குட்டி, கோழிக்குக் குஞ்சு என்பதற்கெல்லாம் நெறி கூறிப் பயனில்லை. வழங்கியவாறு வழங்குதலே மரபு. ஆனால் அப்பெருமகனார் மரபை எவ்வாறு கையாண்டார் என்பதையும் காண்க. அச்சப் பொருளுடைய வினைக்கு எந்த வேற்றுமை வரும் என்னும் வினா அவருக்கும் எழுந்தது. பழியை அஞ்சினான் எனினும், பழியின் அஞ்சினான் எனினும் பொருள் ஒன்றே. வேற்றுமை மயங்கியலில் அவர் இரண்டாவதும் ஐந்தாவதும் ஆகிய இரண்டிற்குமே இடந்தந்து நூற்பா செய்தார். மக்கள் இருவகையாகவும் வழங்குகின்றனர். ஆகவே இரண்டும் வழுவில்லை. இலக்கண நூலார்க்கு இருக்கவேண்டிய நேர்மை இது.

தேர்வு நடத்துவோர்க்கு இந்நேர்மை உண்டா? 'டிபரன்ட்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அது வினையன்று, எனினும் நோய் ஒன்றே. அதன் பின் 'பிரம்' வருவதே செப்பம் என்று விடைத்தாள் கூறும். இங்கிலாந்தில் 'டு' என்றும் வழங்குகின்றனர். அமெரிக்காவில் 'தேன்' என்றும் வழங்குகின்றனர். அம்மொழியைத் தாய்ப்பாலோடு பருகியவர்கள் மூவகையாகவும் பேசலாம்; உசிலம்பட்டியிலிருந்து வரும் பிள்ளை ஒருவகையாகத்தான் எழுதவேண்டும்! 'டிசுகசு' என்பதன் பின் 'எபவுட்' இடுதல் பிழை என்று அவன் தலையில் குட்டுகின்றனர். ஆனால் அதே சொல் பெயராக நின்று 'டிசுகசன்' என்றானால் 'எபவுட்' வரலாமாம். 'டாக்' என்னும் வினைக்குப் பின்னும் வரலாமாம். 'அதைப்பற்றிப் பேசினோம்' என்னும் தமிழ் எண்ணத்தில் நின்று அவன் எழுதியது அறிவுக்கு ஒத்தது. ஒவ்வாதிருப்பது அவர்தம் வழக்கே.

இனி இதனைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இலண்டனில் வங்கி எழுத்தர் வேலைக்கு வரும் ஆங்கிலேயனிடம், 'முயற்சி கை... ' என்று எழுதி, கூடியது, கழுவியது, நீட்டியது, விட்டது என்னும் நான்கில் ஒன்றைக் குறி என்போம். கைகூடுதல், கைகழுவுதல், கைநீட்டுதல், கைவிடுதல், கைக்கொள்ளுதல், கையாளுதல், கைவைத்தல், கையளித்தல் என நம் கை ஒன்றே அவனை ஓராண்டு சுழற்றும். கைநீட்டினான் என்றால் அடித்தானா, கையூட்டுப் பெற்றானா, உதவி கேட்டானா என்று அவன் திகைத்து நிற்பான். அவனை அறிவிலி என்று திருப்பி அனுப்பினால் உலகம் நகைக்காதா? நம் பிள்ளையை அனுப்பும்போது மட்டும் ஏன் நகைப்பு வரவில்லை?

'வேலைக்கு ஆங்கிலம் வேண்டாவா?' என்று கேட்பார் உளர். வேண்டுமாயின் வேண்டிய அளவிற்குக் கேளுங்கள். தலைமை அலுவலகச் சுற்றறிக்கை ஒன்றைக் கொடுத்து அதன் பொருளைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள்; அது பணிக்குரிய தேர்வு. வங்கிச் சாளரத்தின் முன் நகையடகு வைக்க வந்து நிற்கும் பாட்டியிடம் 'புட் அப் வித்' என்று எந்த எழுத்தரும் பேசப்போவதில்லை. அப்பாட்டியின் மொழி தெரியவேண்டும் என்னும் நெறியும் ஏட்டில் உண்டு. ஆனால் அது தெரியும், தெரியாது என்னும் அளவில் முடிந்துவிடுகின்றது. மதிப்பெண்ணுக்கோ தரவரிசைக்கோ அதில் இடமில்லை. பணி செய்யும் மொழிக்கு வெறுந்தகுதி. பணியில் வாராத மரபுத்தொடருக்கு மதிப்பெண்!

மாற்றவே முடியாத ஒன்றா இது? மேலாண்மைக் கல்விக்காக அமெரிக்கர் நடத்தும் 'சி-மேட்' தேர்வில், இவ்வகை மரபு வினாக்கள் குடியிருந்த சொற்றொடர்த் திருத்தப் பகுதி, 2023 இறுதியில் வந்த புது வடிவத்தில் முழுமையாக நீக்கப்பெற்றது. அவர்கள் எதற்காக நீக்கினும், ஆங்கிலத்தின் வீட்டிலேயே அது இன்றியும் தேர்வு நடக்கின்றது. இங்கும் சான்று உண்டு. 2011-இல் நடுவண் குடிமைப் பணித் தேர்வில் திறனறி தாள் புகுந்தபோது ஆங்கிலப் பகுதியும் உடன் புகுந்தது. 2014-இல் இந்திவழி பயின்றோர் தில்லித் தெருக்களில் இறங்கினர். அவ்வாண்டு ஆகத்து மாதமே அந்த ஆங்கில வினாக்களின் மதிப்பெண் தரவரிசைக்குக் கொள்ளப்பெறாது என்று அரசு அறிவித்தது. கேட்டவர்க்குக் கிடைத்தது. நம்மவரோ பயிற்சி நிலையத்திற்குப் பணங்கட்டப் போய்விட்டனர். தமிழ்நாட்டரசு 2021 இறுதியில் தன் பணித்தேர்வுகளுக்குத் தமிழ்த்தாளைக் கட்டாயமாக்கியதும் வழி உண்டு என்பதற்குச் சான்றே.

அப்பயிற்சி நிலையங்களைப் பற்றியும் ஒரு சொல். ஈராண்டு, மூவாண்டு என்று அங்கே பட்டியல் பட்டியலாய் நெட்டுருப் போட்ட பிள்ளைகள் எம்மிடம் வந்து பேசுகையில் வேறோர் அழிவையும் காண்கின்றேன். ஆங்கில வினைத்தொடரைப் பெயர்த்துப் பெயர்த்துப் பழகிய நா, தமிழ் வினையை மறந்துவிடுகின்றது. 'முடிவு செய்தான்' என்பது 'முடிவு எடுத்தான்' ஆயிற்று. 'கலந்துகொண்டான்' என்பது 'பங்கெடுத்தான்' ஆயிற்று. கூட்டம் நடந்தது என்று சொல்ல நாணிக் 'கூட்டம் இடம்பெற்றது' என்கின்றனர் செய்தி படிப்போர். அவர்தம் ஒட்டுச்சொல்லைக் கற்கப் போய் நம் வினைச்சொல்லைத் தொலைத்து வருகின்றோம். வேலையும் பலர்க்குக் கிட்டவில்லை.

நாம் கேட்பது மிகுதியன்று. தமிழ்நாட்டுக் கிளைகளுக்கான எழுத்தர் தேர்வில் ஆங்கில மரபுத்தொடர், ஒட்டுச்சொல் வினாக்களை நீக்குக. ஆங்கிலப் பகுதி இருந்தே தீரவேண்டுமெனின் அதனைத் தகுதி அளவில் நிறுத்துக. அவ்விடத்தில் தமிழுக்கு மதிப்பெண் வைக்க. இதை எழுதி, தேர்வெழுதும் பிள்ளைகள் பத்துப் பேரிடமேனும் கையொப்பம் பெற்று, நும் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுங்கள். மடல் தமிழிலேயே இருக்கட்டும்.