சோளத்தோடு பால் சேரட்டும்!

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் நியூ இங்கிலாந்து என்ற பகுதி இருக்கிறது. பாஸ்டன் நகரம் அங்கேதான் உள்ளது. குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும். அப்போது வீட்டு அடுப்புகளில் ஒரு பானை ஏறும். அதில் தயாராவது "சவுடர்".

சவுடர் என்றால் கெட்டியான சூப். மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால் ஆகியவை சேர்ந்தது சோளச் சவுடர். ஒரு கிண்ணம் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும்.

பாஸ்டன் சமையல் பள்ளியின் தலைவி பேனி பார்மர் 1896-ல் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். சோளச் சவுடர் அதிலும் இருக்கிறது. ஒரு டப்பா சோளத்துக்கு அவர் சொல்லும் பால், 4 கோப்பை!

"பால் விற்கிற விலையில் இத்தனை பாலா? மாவைக் கரைத்து, தண்ணீர் ஊற்றினால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள்.

போதாது! அதற்குக் காரணம் உண்டு.

செய்வது எப்படி?

4 பேருக்கு 4 சோளக் கதிர்கள் வேண்டும். மணிகளைக் கத்தியால் சீவி எடுக்க வேண்டும். மணி எடுத்த கதிரைத் தூக்கி எறியக்கூடாது. அதைத் தண்ணீரில் அரை மணி நேரம் வேகவைத்தால், சோளத்தின் இனிப்பு தண்ணீரில் இறங்கும்.

பானையில் வெண்ணெய் போட்டு, வெங்காயத்தை வதக்க வேண்டும். அந்த ஊரில் உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பையும் சேர்ப்பார்கள். பிறகு 2 உருளைக்கிழங்கைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போட்டு, கதிர் வெந்த நீரை ஊற்ற வேண்டும். கிழங்கு வெந்ததும் சோள மணிகளைப் போடலாம். கொஞ்சம் கிழங்கை மசித்துவிட்டால் சூப் கெட்டியாகும். மாவு தேவையில்லை.

கடைசியில் 2 கோப்பை சூடான பாலை ஊற்ற வேண்டும். தீ சிறியதாக இருக்கட்டும். கொதித்தால் பால் திரிந்துவிடக்கூடும். உப்பு, மிளகுத்தூள் தூவி இறக்கலாம்.

பால் இல்லாததால் வந்த நோய்

அதே அமெரிக்காவின் தென் மாநிலங்களில், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் "பெல்லாக்ரா" என்ற நோய் பரவியது. தோல் வெடித்தது. புத்தி கலங்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கிருமிதான் காரணம் என்று பலர் நம்பினார்கள்.

1914-ல் ஜோசப் கோல்ட்பர்கர் என்ற டாக்டரை அரசாங்கம் அங்கே அனுப்பியது. நோயாளிகளைக் கவனிக்கும் நர்சுகளுக்கு நோய் வரவில்லை என்பதை அவர் கண்டார். ஏழைகள் தினமும் சாப்பிட்டது சோள மாவு, வெல்லப்பாகு, பன்றிக் கொழுப்பு. பால் இல்லை, முட்டை இல்லை. அநாதை இல்லக் குழந்தைகளுக்குப் பால், முட்டை, இறைச்சி, பயறு கொடுக்கச் செய்தார். நோய் மறைந்தது!

சோளத்தில் உள்ள நியாசின் என்ற சத்து உடலில் எளிதில் சேராது. பாலில் உள்ள புரதத்தைக் கொண்டு, உடல் அந்தச் சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். இந்த விவரம் பின்னாளில்தான் தெரிந்தது.

ஆக, குற்றம் சோளத்தின் மீது இல்லை. சோளத்தைத் தனியாக விட்டதுதான் குற்றம்.

கையில் காசு குறைந்தால் பன்றிக் கொழுப்பை விடலாம், வெண்ணெயைக் குறைக்கலாம். டப்பாச் சோளம் வாங்கினாலும் தவறில்லை. ஆனால், குழந்தையின் கிண்ணத்தில் பாலுக்குப் பதில் மாவுத் தண்ணீர் வேண்டாம். வயிறு நிறைவது வேறு; உடம்பு தேறுவது வேறு!