இது பயிற்சி அல்ல, சுரண்டல்

முதுநிலை மருத்துவ மாணவர்களைத் தொடர்ந்து 36 மணி நேரம் டியூட்டியில் நிறுத்திவைப்பது நம் மருத்துவக் கல்லூரிகளில் வாடிக்கையாகிவிட்டது. இதைப் பயிற்சி என்று சொல்வதை ஏற்க முடியாது. அப்பட்டமான இந்த உழைப்புச் சுரண்டலை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

விதி இல்லாமல் இல்லை. ஒரே மூச்சில் 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே வரம்பு வகுத்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறைகளோ, நியாயமான பணி நேரம், நியாயமான ஓய்வு என்பதோடு நின்றுவிட்டன. எது நியாயம் என்பதைத் துறைத் தலைவர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். ஆணையம் அமைத்த பணிக்குழுவே 2024-ல், வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தினமும் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றது. ஆனால், வெறும் பரிந்துரை எந்தக் கல்லூரியையும் கட்டுப்படுத்தாது.

தூக்கம் கெட்டால் மறுநாள் அசதியோடு போய்விடுவதில்லை. அல்சைமர் நோயில் மூளையில் படியும் பீட்டா அமிலாய்டு என்ற புரதம், ஒரே ஓர் இரவு கண்விழித்தாலும் கூடுவதை 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. பிரிட்டன் அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 8,000 பேரை 25 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. ஐம்பது, அறுபது வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு மறதி நோய் அபாயம் 30 சதவீதம் அதிகம் என்றது அது. தூக்கக் குறைவே நோய்க்குக் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள இது போதும். அதிலும் மருத்துவம் போதிப்பவர்களுக்கு.

'நாங்களும் இப்படித்தான் படித்தோம்' என்பது மூத்தவர்கள் சொல்லும் நியாயம். தாங்கள் பட்ட கொடுமை அடுத்த தலைமுறைக்குச் சட்டமாகிவிடாது. ஆள் பற்றாக்குறை என்றால், காலிப் பணியிடங்களை நிரப்புவது அரசின் கடமை. கண் சொருகும் நிலையில் மருந்தின் அளவு எழுதும் கை தவறினால், பாதிக்கப்படுவது நோயாளிதான்.

பணி நேர வரம்பை எண்ணாகவே விதியில் எழுத வேண்டும். டியூட்டியில் சேரும் நேரமும் முடிக்கும் நேரமும் பதிவாக வேண்டும். மீறும் கல்லூரிகளின் முதுநிலை இடங்களைக் குறைக்க வேண்டும். 1992-ன் உத்தரவை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏட்டிலேயே வைத்திருந்தது போதும். ஆணையம் உடனே செயல்பட வேண்டும்.