ஊர்ப்பெயரும் உலக நேரமும்

இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பகுத்துக் கற்பிக்குங்கால், பெயரிலே என்ன பெரும்பொருள் இருக்கின்றது என்பார்போல மாணவர் நோக்குவர். அவர்தம் கையடக்கத் தொலைபேசியில் ஓடும் கடிகாரமே அதற்கு விடை பகரும்.

உலகின் கணினிகளுட் பெரும்பாலானவை நேரத்தை ஒரு பொதுப் பட்டியல் கொண்டே அறிகின்றன. 1980களில் ஆதர் டேவிட் ஓல்சன் என்னும் அமெரிக்கர் தொடங்கிய அப்பட்டியலைப் பின்னர் போல் எகெர்ட் என்பார் பேணலாயினர். அதில் நேர வலயத்துக்கு நாட்டின் பெயர் இடப்படுவதில்லை. நகரின் பெயரே இடப்படும். நாடும் எல்லையும் மாறுவன, நகர் நிலைப்பது. தலைநகர் என்னுஞ் சிறப்பும் நோக்கப்படாது. மக்கள்தொகை மிக்க நகரே கொள்ளப்படும். ஆதலின் சீனத்துக்குப் பெய்ஜிங் அன்றிச் சங்காய் பெயராயிற்று. அரசியலுக்கு அஞ்சி அமைத்த நல்விதி இது.

ஆயின், அந்நகர்ப்பெயரை எவ்வாறு எழுதுவது? ஆங்கிலத்திற் பெருவழக்கான வடிவிலே எழுதுக என்பது விதி. வழக்கு என்னுஞ் சொல்லுக்குப் பிணக்கு என்னும் பொருளும் உண்டன்றோ? இரண்டும் இங்கே ஒருங்கு புகுந்தன. உக்கிரேன் 1995இலேயே தன் தலைநகரின் பெயரைத் தன் மொழியொலிக்கு இயையக் 'கீவ்' என உரோம எழுத்தில் வரையறுத்தது. பட்டியலோ உருசிய ஒலிவழி வந்த 'கியெவ்' என்பதையே கொண்டிருந்தது. ஆங்கில வழக்கு மாறட்டும் எனக் காத்திருந்து, 2022 ஆகஸ்டில், பெரும்போர் மூண்ட பின்னரே அதனை மாற்றிற்று.

பேணுவோரை வாளா குறைகூறல் தகாது. பெயரைத் திடீரென நீக்கின் அதனை நம்பிய கணினிகள் இடர்ப்படும். அதனாற் பழைய பெயரையும் புதியதற்கு இணைப்பாக வைத்துக் காக்கின்றனர். தஞ்சாவூர் தஞ்சை என மரூஉவாகிய பின்னும் இரண்டும் வழங்குதல் போன்றது இது. பழையது அழியாதெனின், புதியதை ஏற்கத் தயங்குவானேன்? உயர்ந்தோர் வழக்கே வழக்கு என்பர் நம் இலக்கணகாரர். ஓர் ஊரின் பெயரைப் பொறுத்தமட்டில் உயர்ந்தோர் யாவர்? அவ்வூரிற் பிறந்து வாழ்வோரா, தொலைவிலிருந்து செய்தி எழுதுவோரா? வாழ்வோரே என்பது என் துணிபு.

பெயர் பெறாத நேரமும் உண்டு. நம் நாட்டுக்குப் பட்டியலிற் கொழும்பு என ஒரே வலயம். மின்சாரத் தட்டுப்பாட்டினால் 1996 மே மாதத்தில் அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிற்று. ஒக்டோபரில் அரைமணி குறைத்தது. 2006 ஏப்பிரலிற் பழைய நேரத்துக்கு மீண்டது. அக்காலத்தில் விடுதலைப் புலிகளின் ஆட்சியிலிருந்த வன்னிப் பகுதிகளிலே பழைய நேரமே வழங்கிற்று. ஓமந்தையைக் கடந்து வடக்கே செல்லுந்தோறும் யானும் கைக்கடிகாரத்தை அரைமணி பின்தள்ளியதுண்டு.

1970க்குப் பின் கடிகாரம் வேறுபட்ட நிலப்பகுதி தனிவலயமாதல் வேண்டும் என்பதே பட்டியலின் பொதுநெறி. ஆயினும் வன்னிக்குத் தனிவலயம் இல்லை. ஆட்சி எவரதாயினும், மக்கள் கொண்டொழுகிய நேரம் மெய். அந்நாளில் அங்கே பிறந்த குழந்தையின் சாதகத்தை இன்று கணினியிற் கணிப்போர் கொழும்பு நேரத்தையே கொள்வாராயின் அரைமணி பிழைக்கும்; இலக்கினமே மாறவுங்கூடும். பெயரிலே என்ன இருக்கின்றது என வினவும் மாணவருக்கு இனி இதனையே எடுத்துக்காட்டாகக் கூறுவேன்.