பக்கத்து வீட்டைப் பார்ப்பதில் தப்பில்லை!



"அடுத்த வீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடாதே" என்று சின்ன வயதில் என் அம்மா சொல்வார். நானும் அதையே என் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். "அடுத்த வீட்டை நல்லாப் பாரு. பெருமூச்சு மட்டும் விடாதே. தெரிஞ்சுக்க வேண்டியதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வா!"

நான் இப்படி மாறியதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நம் பக்கத்தில் நாம் மனம் விட்டுப் பேசாமல் வேறு யார் பேசுவது?

எங்களுடையது என் மாமனார் காலத்து வீடு. வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை, உள்ளே சிவப்பு சிமெண்ட் தரை, பின்னால் ஒரு வேப்ப மரமும் கிணறும். 2019-ல் கடன் வாங்கிப் புதுப்பித்தோம். அப்போது என் கையில் இருந்தது செல்போனில் யாரோ அனுப்பிய ஒரு படம். எந்த ஊர் வீடோ, யார் வீடோ தெரியாது. கூடத்துத் தரை கண்ணாடி மாதிரி மின்னியது. "இதே மாதிரிதான் வேணும்" என்று ஒற்றைக் காலில் நின்றேன். என் கணவரும், "சரி, உன் இஷ்டம்" என்று விட்டுவிட்டார். கார் நிறுத்தத் திண்ணையை இடித்தோம். சிவப்புத் தரையின் மேல் பளபளவென்று பெரிய பெரிய டைல்ஸ் வந்தது. சருகு கொட்டிக் குப்பையாகிறது என்று வேப்ப மரத்தை வெட்டி, கொல்லைப்புறம் முழுக்க சிமெண்ட் போட்டு மூடினோம். வந்தவர்கள் எல்லாம், "அடேயப்பா, சினிமா வீடு மாதிரி இருக்கே!" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஐப்பசியில் சாரல் அடித்து வாசற்படியை ஒட்டித் தரை நனைந்திருந்தது. என் அத்தைக்கு அப்போது எழுபத்து நாலு வயது. கோலப் பொடிக் கிண்ணத்தோடு காலை வைத்தார், அவ்வளவுதான். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். மூன்று மாதம் படுக்கை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை அவர். ஒருநாள் தலைவாரி விடும்போது மட்டும், "உன் தரையில முகம் பார்க்கலாம்மா, நடக்கத்தான் முடியல" என்றார். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

தப்பு டைல்ஸ் கடைக்காரர் மேலா? இல்லை. மேஸ்திரி மேலா? அதுவும் இல்லை. "அம்மா, பெரியவங்க இருக்கிற வீடு, சொரசொரப்பா எடுங்க" என்று அவர் ஒரு முறை சொல்லத்தான் செய்தார். எங்கள் ஊர் மழை, எங்கள் ஊர் வெயில், எங்கள் வீட்டு மனுஷர்கள் எதையும் நினைக்காமல் ஒரு படத்தைப் பார்த்து வீடு கட்டினேனே, அதுதான் தப்பு.

அதற்குப் பிறகுதான் நான் சுற்றி இருக்கிற வீடுகளைக் கண் திறந்து பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் பார்த்தது எங்கள் அடுத்த தெரு அக்கா வீட்டைத்தான். பதினைந்து வருஷமாக அந்த வழியாகப் போகிறேன், உள்ளே போய்ப் பார்த்ததில்லை. மொத்தமே அறுநூறு சதுர அடி வீடு. ஆனால் மே மாதத்திலும் உள்ளே போனால் உடம்பு குளிர்கிறது. மேற்குச் சுவரை ஒட்டிப் பந்தல் போட்டு அவரையும் பீர்க்கும் ஏற்றியிருக்கிறார். சாயங்கால வெயில் சுவரில் படுவதே இல்லை. மொட்டை மாடியில் வருஷா வருஷம் பங்குனியில் சுண்ணாம்பு அடித்துவிடுகிறார். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகும் இடத்தில் வாழையும் கல்வாழையும். சாக்கடை நாற்றம் கிடையாது, வீட்டுக்கு இலை, பூ, காய் எல்லாம் ஆச்சு. அரிசி கழுவிய தண்ணீரும் புளித்த மோரும் கறிவேப்பிலைக்கு. பழைய பெயிண்ட் டப்பாவிலும் எண்ணெய் டின்னிலும் துளசி, கனகாம்பரம், டிசம்பர் பூ, மருதாணி. "இதுக்கெல்லாம் எவ்வளவுக்கா செலவு?" என்றேன். "விதை அக்கம்பக்கத்துல வாங்குனது. பந்தக் கம்பு பழசு. செலவுன்னு பார்த்தா சுண்ணாம்புக்குத்தான்" என்று சிரித்தார்.

அடுத்ததாகக் குடும்பத்தோடு ஆத்தங்குடிக்குப் போனோம். எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்கும்படி ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பர்மா தேக்குத் தூண்கள், வண்ண வண்ணத் தரை, நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் விதானம். "இதெல்லாம் கோடீஸ்வரர் சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்றார் என் கணவர். நான் தூணையும் விதானத்தையும் விட்டுவிட்டு அந்த வீடு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தேன். நடுவில் முற்றம். சூடான காற்று மேலே போய்விடுகிறது, அதனால் வாசல் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் காற்று உள்ளே வருகிறது. நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்து மழைத் தண்ணீர் முற்றத்தில் விழும். அண்டாவை வைத்துப் பிடித்துக்கொள்வார்கள், மிச்சம் வடிகாலில் போகும். சுவரில் சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் பூசி இழைத்திருக்கிறார்கள். கை வைத்தால் ஜில்லென்று இருக்கிறது, வெள்ளையடிக்கிற வேலையே இல்லை. இந்தச் செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. உலகமே திரும்பிப் பார்க்கிற வீடுகள் நம் பஸ் போகிற தூரத்தில் இருக்கின்றன. நானோ எந்த ஊர் படத்தையோ பார்த்து ஏமாந்தேன்!

அதே ஊரில் பூக்கல் செய்கிற இடத்தையும் பார்த்தோம். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்ட் கலவையைக் கையாலேயே ஊற்றுகிறார்கள். அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்து, வெயிலில் காய வைக்கிறார்கள். சூளையும் கிடையாது, நெருப்பும் கிடையாது. கண்ணாடியிலிருந்து பிரித்தால் அந்தப் பளபளப்பு தானாக வந்துவிடுகிறது. நம் ஜனங்கள் கையால் செய்வதால் ஒரு கல் மாதிரி இன்னொரு கல் இருக்காது.

உடனே வாங்கிவிட வேண்டும் என்று மனசு துடித்தது. ஆனால் ஒரு தடவை சூடு பட்டவள் இல்லையா? அங்கே வீட்டில் பெருக்கிக்கொண்டிருந்த ஆச்சியிடம், "இதுல கஷ்டம் என்ன ஆச்சி?" என்று கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. "புளி, எலுமிச்சம்பழம் சிந்துனா உடனே தொடைக்கணும், இல்லேன்னா கறை விழும். ஆசிட் பக்கத்துலயே வரக்கூடாது. தினம் ஈரத்துணி போட்டுத் தொடைச்சு, அப்பப்போ துளி தேங்காயெண்ணெய் போட்டா வருஷம் ஆக ஆக மெருகேறும். தண்ணி பொழங்குற இடத்துக்கு வேண்டாம்மா" என்றார். எந்தக் கடையில் இப்படிச் சொல்வார்கள், சொல்லுங்கள்!

மூன்றாவதாக, சென்னையில் நாத்தனார் வீட்டுக்குப் போனபோது முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்குப் போனேன். 1996-ல் திறந்தது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அங்கே பிடித்ததே, வணிகர் வீட்டோடு நெசவாளர் வீடும் குயவர் வீடும் நிற்பதுதான். சின்ன வீட்டிலும் திண்ணை இருக்கிறது, மாடம் இருக்கிறது, புழங்குகிற இடம் ஒவ்வொன்றும் அளந்து வைத்தாற்போல் இருக்கிறது. அழகுக்குக் காசு மட்டும் போதாது, யோசனையும் வேண்டும் என்று அங்கேதான் புரிந்தது.

திரும்பி வந்து எங்கள் வீட்டில் என்ன செய்தோம் தெரியுமா? மறுபடி கடன் வாங்கவில்லை. முதலில் வாசற்படிப் பக்கத்திலும் பாத்ரூமிலும் வழவழ டைல்ஸைப் பெயர்த்துச் சொரசொரப்பான டைல்ஸ் போட்டோம். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைத்தோம். வாசலில் ஒரு பக்கம் மட்டும் சின்னதாகத் திண்ணை கட்டினோம். கார் கொஞ்சம் நெருக்கிக்கொண்டுதான் நிற்கிறது, பரவாயில்லை. கொல்லைச் சிமெண்டைப் பாதிக்கு மேல் உடைத்து மண்ணைத் திறந்துவிட்டோம். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். எங்கள் வீட்டில் குழாய் மட்டும் பேருக்கு நின்றது, குழி தூர்ந்து கிடந்தது. அதைத் தூர் வாரி ஜல்லியும் மணலும் புதிதாகப் போட்டோம். புது வேப்பங்கன்று ஒன்று வைத்தோம். வெட்டிய மரத்தின் நிழல் திரும்ப இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும். அந்த வருத்தம் எனக்கு இப்போதும் உண்டு. பூக்கல் ஆசையைப் பூஜை அறையோடு நிறுத்திக்கொண்டேன். மொத்தம் நாற்பது சதுர அடி. அது போதும்.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் பழைய கதவு, தூண், ஜன்னல், பித்தளைச் சாமான் எல்லாம் விலைக்குக் கிடைக்கிறது. எனக்கும் ஒரு நிலைக்கதவின் மேல் கண். ஆனால் தொட்டுப் பார்த்தபோது, இந்தக் கதவு இங்கே வந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஒரு வீடு இடிந்திருக்கிறது என்று தோன்றியது. வாங்குவது தப்பு என்று சொல்லவில்லை, குப்பைக்குப் போவதைவிட ஒரு வீட்டு வாசலில் நிற்பது நல்லதுதான். ஆனால் உங்கள் மாமனார் வீட்டிலேயே ஒரு பழைய கதவு இருந்தால், அதை எடைக்குப் போட்டுவிட்டுக் கடையில் போய்ப் பழைய கதவு தேடாதீர்கள். என் வீட்டுத் திண்ணைக்கு நான் செய்தது அதுதான்.

தோழிகளே, அழகான வீட்டைப் பார்த்தால் நம்மில் பாதிப் பேர் வீட்டுக்கு வந்து கணவரிடம், "அவங்க வீட்டைப் பாருங்க, நம்ம வீடும் இருக்கே!" என்று ஆரம்பிக்கிறோம். சண்டைதான் மிச்சம். அதற்குப் பதில் அந்த வீட்டுப் பெண்ணிடம் நாலு கேள்வி கேளுங்கள். தினம் இதைத் துடைக்க, பெருக்க எவ்வளவு நேரம் ஆகிறது? மழையில் என்ன ஆகிறது, கோடையில் என்ன ஆகிறது? வயசானவர்களும் குழந்தைகளும் இதில் எப்படிப் புழங்குகிறார்கள்? திரும்பக் கட்டினால் எதை மாற்றுவீர்கள்? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கிற பதில் இருக்கிறதே, அது எந்த இன்ஜினியரிடமும் கிடைக்காது. படத்தில் வீடு தெரியும். துடைக்கிறவள் முதுகு வலி தெரியாது!

"வாடகை வீட்டுல இருக்கோம், எங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சில பேர் கேட்பீர்கள். திண்ணை கட்ட முடியாது, சரிதான். ஆனால் ஜன்னலில் ஒரு துளசித் தொட்டி வைக்கலாம். வெயில் வருகிற பக்கம் ஈர வெட்டிவேர்த் தட்டி கட்டலாம். வேண்டாத சாமானைக் கழித்தாலே பத்துக்குப் பத்து அறைகூடப் பெரிதாகத் தெரியும். அடுத்த வீட்டில் ஒரு கிளை ஒடித்து வாங்கி வந்து நட்ட செம்பருத்திக்கு வீட்டுக்காரர் வாடகை கேட்கப் போவதில்லை.

இப்போது சாயங்காலமானால் அத்தை கம்பை ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்து அந்தச் சின்னத் திண்ணையில் உட்கார்கிறார். தெருவில் போகிறவர்கள் நின்று பேசிவிட்டுப் போகிறார்கள். போன வாரம் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், "பாட்டி, இந்தத் திண்ணை நல்லா இருக்கே, எங்க வீட்டுலயும் கட்டலாம்னு இருக்கோம்" என்றாளாம். அத்தை அவளிடம், "கட்டு தாயி. உயரம் மட்டும் என் முட்டி அளவுக்கு வை. எந்திரிக்கிறவங்களுக்குக் கஷ்டமா இருக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். ஒரு நாள் உள்ளே போய்ப் பாருங்கள். பார்த்ததை நம் பக்கத்துக்கு எழுதுங்கள், நாங்களும் தெரிந்துகொள்கிறோம்.

– ஒரு வாசகி, புதுக்கோட்டை.