ஏப்ரலில் போய்ப் பாருங்கள்

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் கணவருக்கு வேலை கிடைத்ததும், அக்டோபர் மாத இலைகளின் நிறத்தில் மயங்கி, மலைமேல் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டத் தயாரானோம். "ஏப்ரலில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்" என்றார் பக்கத்து வீட்டு அம்மையார்.

போனோம். பனி உருகி வழியெல்லாம் சேறு. கார் பாதியிலேயே புதைந்துவிட்டது. அந்த மாநிலத்தில் பாதிக்கு மேல் மண்சாலைகள்தாம். மகனுக்கோ ஆஸ்துமா. நடுராத்திரியில் மூச்சுத் திணறினால் என்ன செய்வது?

தலைநகர் மான்ட்பீலியர் பிடித்திருந்தது; ஆனால் 2023 ஜூலை வெள்ளத்தில் அதன் கடைத்தெருவே மூழ்கியது. கடைசியில், பெரிய மருத்துவமனை இருக்கும் பர்லிங்டனில் சின்ன அடுக்குமாடி வீடு எடுத்தோம். மலை தூரத்தில்தான் தெரிகிறது. பரவாயில்லை, நிம்மதியாகத் தூங்குகிறோம்.

ஊர் மாறப் போகிறீர்களா? அந்த ஊரின் மோசமான மாதத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.