செயினை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள்



போன வாரம் என் தம்பி மகன் விருத்தாசலத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணத்துக்கு ராத்திரியில் வரும்போது பைக் செயின் நழுவிச் சிக்கி, பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. முழங்கை சிராய்ப்போடு தப்பித்தான். பின்னால் கரும்பு லாரி வந்திருந்தால் இந்தப் பதிவே வேறு மாதிரி இருந்திருக்கும்.

செயின் புதுசு. மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை. "ஸ்ப்ராக்கெட் இன்னும் ஓடும், செயினை மட்டும் மாத்துப்பா" என்று அன்று கடையில் சொன்னது யார் தெரியுமா? நான்தான். மிச்சம் பிடித்தது நானூறு ரூபாய். முப்பது வருஷம் அறிவியல் நடத்தியவனின் லட்சணம் இது!

"செயின் நீண்டுபோச்சு" என்கிறோம். எஃகு ரப்பர் மாதிரி நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள சிறு தண்டும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. நம்மூரில் ஓடும் சின்ன பைக்குகளில் பெரும்பாலும் 428 செயின்தான். கண்ணிக்குக் கண்ணி இடைவெளி 12.7 மி.மீ.; நூறு கண்ணிக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் 0.1 மி.மீ. தேய்ந்தாலே மொத்தத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடிவிடும். அப்போது செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறும். சுமை சில பற்களில் மட்டும் விழுந்து, பல் கொக்கியாகச் சாயும். அந்தக் கொக்கியில் புதுச் செயினை மாட்டினால் புதுசும் சீக்கிரமே கெடும்.

"ரெண்டு லிங்க் வெட்டிட்டா சரியாயிடும்" என்பது அடுத்த பொய். நீளம் குறையும். மீதிக் கண்ணிகளில் உள்ள தேய்மானம் எங்கே போகும்?

நல்ல ஸ்ப்ராக்கெட்டில் பல்லின் மேற்பரப்பை மட்டும் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவார்கள். முழுவதையும் அப்படிச் செய்தால் விருத்தாசலம் பீங்கான் போல அடி தாங்காமல் உடையும். அந்த மேல்தோல் தேய்ந்துவிட்டால் உள்ளே இருப்பது மெத்தென்ற இரும்பு, மளமளவென்று கரையும். மலிவான போலிகளில் அந்தத் தோலே ஒழுங்காக இருக்காது. பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். இளவட்டங்கள் கேட்கும் அலுமினியம், எஃகின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பந்தயத்துக்குச் சரி. பால் கேனும் உர மூட்டையும் ஏற்றும் வண்டிக்கு எஃகே நல்லது.

முன்னே 14 பல், பின்னே 42 பல் என்றால், பெரியது ஒரு சுற்று சுற்றுவதற்குள் சின்னது மூன்று சுற்று சுற்றும். கவருக்குள் ஒளிந்திருக்கும் அந்தச் சின்னதுதான் முதலில் தேயும். அதைத்தான் நாம் பார்ப்பதே இல்லை.

மெக்கானிக்காக இருக்கும் என் மாணவர்களே, "கஸ்டமர் கேக்கிறது அதான் சார்" என்பீர்கள். உண்மைதான், பேரம் பேசுவது நாங்கள். ஆனாலும் கழற்றிய ஸ்ப்ராக்கெட்டை எங்கள் கையில் கொடுத்துக் காட்டுங்கள். அதற்கு மேலும் வேண்டாம் என்கிறவன் பிறகு உங்களைக் குறை சொல்ல முடியாது.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நாளைக் காலை இன்ஜினை அணைத்துவிட்டு, பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கத்தில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பாதிப் பல் தெரிந்தால் செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் என மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள். எழுதாதவர்களுக்கு நானே போன் செய்வேன்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்,
ஸ்ரீமுஷ்ணம்